கெஸ்ட்டா, பெஸ்ட்டா?

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று வருஷமாக எனக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது.

எழுதினால் கோயில் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். அம்மனையும் நாயையும் ஒரே பத்தியில் வைத்து எழுத உனக்கு எவ்வளவு தைரியம் என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர்கூட, "வாரா வாரம் ரசம், ஊறுகாய், மாமியார், மருமகன்னு எழுதுற. நல்லாத்தானே போகுது? ஏன் வம்பு?" என்றார். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். பெரிய மனிதர்களோடு எழுத்தில் சண்டை போடுகிற அளவுக்குப் படிப்பும் கிடையாது.

அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு எழுந்திருக்கிறேன்... என் தங்கை மகள் ஈப்போவுக்கு வந்திருந்தவள், கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பெரியம்மா, இந்த இடத்தப் பாருங்களேன். பழைய ரப்பர் தோட்டமாம். நாயையும் கூட்டிக்கிட்டுப் போயித் தங்கலாமாம். லீவுக்கு எல்லாரும் போலாமா?"

பார்த்தேன். அதே வீடு. அதே வெள்ளை வேலி. அதே பெரிய எழுத்து — டாக் ஃப்ரெண்ட்லி காட்டேஜ்.

சாமி கும்பிட்ட கையோடு கோபப்படக்கூடாது. தெரியும். ஆனால் வந்துவிட்டதே, என்ன செய்ய?

"தாராளமாப் போலாம்மா. உன் நாய்க்குக் கழுத்துப் பட்டி இருக்கான்னு மட்டும் முதல்ல பாத்துக்க" என்றேன். பிள்ளை திருதிருவென்று விழித்தாள். அவளை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் உங்களுக்கும் இப்போது சொல்கிறேன்.

என் மகனும் மருமகள் ரேகாவும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நாய். பெயர் கோப்பி. கோப்பி நிறம், சுருட்டை முடி, வாரம் ஒரு ஷாம்பூ. நான் நாயைக் கண்டால் ஒதுங்குகிற ரகம். என் சாமி அறை வாசலை அது தாண்டக்கூடாது, நான் குளித்துவிட்டு வந்தால் என் சேலையில் உரசக்கூடாது. ரேகாவுக்கோ அது பிள்ளை மாதிரி. அதை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டாள். எந்த ஹோட்டலும் அதைச் சேர்த்துக்கொள்ளாது. இப்படியே குடும்பமாக ஓர் இடத்தில் சேர்ந்து தங்குவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் ரேகாதான் இந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். தைப்பிங் போகிற பழைய சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி குடியிருந்த பலகை வீடு. வெள்ளை பெயின்ட் அடித்து, ஊஞ்சல் மாட்டி, காட்டேஜ் ஆக்கியிருந்தார்கள்.

உள்ளே போனால்... அடேயப்பா! நாய் குளிக்க ஒரு நீலத் தொட்டி. நாய் படுக்க மெத்தை, மேலே கொசுவலை. நாய்க்கென்று தனிச் சாப்பாட்டு மெனு — வேகவைத்த கோழி, மசித்த பூசணிக்காய். எங்களுக்குக் கொடுத்த துண்டைவிடக் கோப்பிக்குக் கொடுத்த துண்டு மெத்தென்று இருந்தது.

"வாங்க ஆண்டி, இங்க நாய்தான் வி.ஐ.பி. நீங்கல்லாம் சும்மா கூட வந்தவங்க!" என்று சிரித்தான் மேனேஜர் தினேஷ். நம்ம தமிழ்ப் பையன்தான். மரியாதையாகப் பேசினான். நாங்களும் சிரித்தோம்.

அந்த வீட்டைக் கூட்டி, துடைத்து, சமைத்துக் கொடுப்பவர் தனம் அக்கா. தோட்டத்தில் மிச்சமிருக்கும் சில குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது அவர் மணிக்கட்டில் மஞ்சள் நூலைப் பார்த்தேன். மரங்களுக்குப் பின்னாலிருந்து கோயில் ஒலிபெருக்கியும் கேட்டுக்கொண்டிருந்தது.

"திருவிழாவாக்கா?"

"ஆமாங்க. கொடி ஏறிருச்சு, காப்புக் கட்டியாச்சு. நான் தீச்சட்டி எடுக்கறேன். இனிமே திருவிழா முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையில இருக்கிற பாலத்தத் தாண்ட முடியாது. எங்க தோட்டத்துல அப்படித்தான். காப்புக் கட்டினவங்க எல்லை தாண்டக் கூடாது. மருந்து வாங்கணும்னாக்கூட வேற ஆளுதான் போவணும்."

எனக்கு அந்த அக்காவைப் பிடித்துவிட்டது.

அவர் பின்னாலேயே ஒரு செவலை நாய். ஒரு காது பாதி கிழிந்திருந்தது. வெள்ளை வேலி வரைக்கும் வந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஒரு கால்கூட வைக்கவில்லை.

"பேரு டைகர். தவளையப் பாத்தா ஓடிரும்" என்றார் தனம் அக்கா. "பக்கத்து வீட்டு நாய்ங்க இது. அவங்க டவுன்ல பிளாட் வாங்கிப் போனாங்க. பிளாட்டுல நாய் வைக்கக் கூடாதாமே. கட்டில், பீரோ, சாமிப் படம் எல்லாத்தையும் லாரில ஏத்துனாங்க. இத விட்டுட்டாங்க. ரொம்ப நாளு அந்தப் பூட்டுன வீட்டு வாசல்லயே படுத்திருந்துச்சு. அப்புறம் சோத்துக்கு என்கிட்ட வந்துருச்சு."

சாயந்தரம் தினேஷ் வந்தான். வாய் சும்மா இருக்குமா எனக்கு? "ஏன் தம்பி, நாய்ங்க மேல இவ்வளவு ஆசையா இருக்கீங்க. அந்த டைகரையும் உள்ள விடலாமே?"

"அது முடியாது ஆண்டி. எங்க பாலிசி சிம்பிள். காலர் இருந்தா கெஸ்ட். காலர் இல்லன்னா பெஸ்ட்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "கேட்டியா ரேகா! வந்த நாய் விருந்தாளியாம். ஆனா இருக்கிற நாய்தான் பெஸ்ட்டாம்! எவ்வளவு பெரிய மனசு பாரு இந்தத் தம்பிக்கு!"

தினேஷ் தரையைப் பார்த்தான். ரேகாவின் முகம் மாறிவிட்டது.

"அத்தை... அந்த பெஸ்ட் இல்ல. கரப்பான், எலி, கரையானுக்கெல்லாம் மருந்தடிக்க வருவாங்கல்ல? அந்த பெஸ்ட்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பாதி இங்கிலீஷ் தெரிந்தவளுக்கு இதுதான் கதி! நான் வாழ்த்தியது எதை என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முன்பு தங்கிய ஒரு பெண்மணியின் நாயைப் பார்த்து டைகர் குரைத்ததாம். அந்தம்மா இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதிவிட்டாராம். வீட்டு முதலாளி சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கிருந்து உத்தரவு. தோட்டத்தில் இருந்த மற்ற நாய்களையெல்லாம் போன மாதமே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டைகர் மட்டும் கோயில் மேடைக்கு அடியில் ஒளிந்து தப்பியிருக்கிறது.

"நாளைக்குக் காலையில மறுபடியும் வண்டி வருது ஆண்டி."

"எங்க கொண்டு போவாங்க?"

"அது காண்ட்ராக்டர் வேலை."

"கொண்டு போயி என்ன செய்வாங்க தம்பி?"

அவன் ஊஞ்சல் சங்கிலியைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அதுவே பதில்.

"டாக் ஃப்ரெண்ட்லின்னு வாசல்ல எழுதி மாட்டியிருக்கீங்களே?"

"டாக் ஃப்ரெண்ட்லிதான் ஆண்டி. ஸ்ட்ரே ஃப்ரெண்ட்லி இல்லலா."

ஸ்ட்ரே என்றால் தெருநாயாம். கேட்டீர்களா கதையை? வேலி போடுவதற்கு முன்னாலேயே அங்கே இருந்த நாய். அந்த மண்ணில் பிறந்த நாய். அதற்கு உயிரோடு இருக்கத் தகுதி இல்லை. ஏன்? கழுத்தில் ஒரு துண்டுத் தோல் இல்லை. அவ்வளவுதான்! அன்பு என்பது முன்கூட்டியே புக்கிங் செய்தவர்களுக்கு மட்டும் என்றால், அதற்கு எதற்கய்யா அவ்வளவு பெரிய போர்டு?

ரேகாவை இங்கே நான் பாராட்டியே ஆக வேண்டும். அறைக்குள் ஓடினாள். கோப்பியின் இன்னொரு கழுத்துப் பட்டியைக் கொண்டுவந்தாள். வேலியைத் தாண்டிப் போய் டைகர் கழுத்தில் மாட்டினாள். "இப்ப இது கெஸ்ட்தானே?"

தினேஷ் பின்னாலேயே போய் அதைக் கழற்றினான். "அக்கா, ப்ளீஸ்லா. புக்கிங்ல கோப்பி ஒண்ணுதான் இருக்கு. கேமரால பாஸ் பாப்பாரு. எனக்கு வேலை போயிரும்." பட்டியைத் துடைத்து, மடித்து, அவள் கையிலேயே கொடுத்தான்.

காரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாமா என்று என் மகன் கதவைத் திறந்து வைத்தான். டைகருக்கு வண்டி என்றாலே நடுக்கம். ஒரே பாய்ச்சலில் கோயில் பக்கம் ஓடிவிட்டது. கூப்பிட்டால் தனம் அக்காவிடம் மட்டும்தான் வருமாம்.

தனம் அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "அதுவா தனியா எங்கயும் போவாதும்மா. நான்தான் கூட நடக்கணும். காப்புக் கட்டாம இருந்தாலாவது, கயித்தப் போட்டு எங்கண்ணன் வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன். இப்பத்தான் பாலத்தத் தாண்ட முடியாதே... காப்புக் கட்டினவங்க..."

பேச்சை நிறுத்தினார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்து, விறுவிறுவென்று கோயிலைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. அதன் பக்கவாட்டில் அந்த வார்த்தை பெரிய எழுத்தில் இருந்தது. இந்த முறை நான் சரியாகவே படித்தேன். வண்டிக்குள் ஏற்கெனவே வேறு எங்கிருந்தோ பிடித்துப் போட்ட இரண்டு நாய்களின் முனகல்.

இறங்கியவர் நம்ம ஆள்தான். ஐம்பது வயதிருக்கும், முறுக்கு மீசை, கையில் நீளமான கம்பு, கம்பின் நுனியில் கம்பிச் சுருக்கு. வேலிக்கு வெளியே தனம் அக்கா நின்றுகொண்டிருந்தார். காலடியில் டைகர்.

மீசைக்காரர் சுருக்கை நீட்டிக்கொண்டு வந்தவர், பாதியிலேயே நின்றார்.

"என்னாக்கா இது, கழுத்துல?"

"காப்பு."

மஞ்சளில் நனைத்த நூல். நடுவில் ஒரு துண்டு விரலி மஞ்சள். ஒரு கொத்து வேப்பிலை.

"நாய்க்கா?"

"ஏன், அதுக்கு வேண்டுதல் இருக்கக் கூடாதா?"

மீசைக்காரர் கம்பைக் கீழே இறக்கினார். "யாரு கட்டுனது? பூசாரியா?"

"அவரு மாட்டேன்னுட்டாரு. நானே மஞ்சள் அரைச்சேன். நூல நனைச்சு ஆத்தா காலடில வச்சேன். எடுத்து நானே கட்டுனேன். இது செல்லாதுன்னு தோணுச்சுன்னா, நீயே அவுத்துப் பாரு."

"நல்லாச் சொன்னீங்க போங்க! எங்க வீட்டுல பொண்டாட்டி பால்குடத்துக்கு விரதம் இருக்கு. இத அவுத்துட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள போறது?"

தினேஷ் ஓடிவந்தான். "அண்ணே, அது நாய்லா! நூல வெட்டிட்டுத் தூக்குங்க!"

மீசைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். "நீங்களும் தமிழாளுதானே பாஸ்? இந்தாங்க. நீங்களே வெட்டுங்க. நான் தூக்கறேன்."

தினேஷ் கத்தரிக்கோலைப் பார்த்தான். டைகரைப் பார்த்தான். கோயில் பக்கம் பார்த்தான். கைகள் இரண்டும் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"ஐயோ... எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்" என்றான்.

"அப்ப எனக்கு மட்டும் அம்மா இல்லையா?" என்றார் மீசைக்காரர். "காப்புக் கட்டுனா எல்லை தாண்டக் கூடாது. நான் ஏத்திக்கிட்டுப் போயித் தாண்ட வச்சா, அந்தப் பாவத்த யாரு சுமக்கறது? உங்க முதலாளியா? திருவிழா முடிஞ்சு காப்பு அவுத்ததும் கூப்பிடுங்க, வாரேன்."

வண்டி திரும்பிப் பாலத்தைத் தாண்டிப் போனது. அதற்குள் இருந்த அந்த இரண்டு ஜீவன்களுக்கும் கழுத்தில் நூல் இல்லை. அதை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்காதீர்கள்.

தினேஷுக்கு வேலைக் கவலை. "சரிக்கா, திருவிழா முடிஞ்சதும் அவுத்துருவீங்கதானே?"

"வேண்டுதல் முடிஞ்சாத்தானே தம்பி காப்ப அவுக்கலாம்? அது என்ன வேண்டிக்கிச்சோ, எனக்கெப்படித் தெரியும்? அதுவே வாயத் தொறந்து முடிஞ்சுச்சுன்னு சொல்லட்டும். அப்பவே அவுத்துருவோம்."

ரேகா சத்தம் போட்டுச் சிரித்தாள். தினேஷுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது நான் தனம் அக்காவைச் சீண்டினேன். "உங்க டைகர் கருவாடு திங்கிதே! காப்புக் கட்டிக்கிட்டுக் கவிச்சி திங்கலாமாக்கா?"

"அது தின்னட்டும்மா. நூலு அதோட கழுத்துல. விரதம் என்னோடது."

சரி, திருவிழா வரைக்கும் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈப்போவுக்குத் திரும்பி வந்து எங்கள் கோயிலில் இதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்! "நாய் கழுத்துல அம்மன் காப்பா? தீட்டும்மா. சாமிய வச்சு நாடகம் ஆடியிருக்காங்க" என்றார் கமிட்டியில் இருக்கும் ஒருவர். அவரும் தோட்டத்திலிருந்து பிளாட்டுக்குக் குடிவந்தவர்தான்.

அன்றைக்குக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றைக்குக் கேட்கிறேன். தேய்பிறை அஷ்டமிக்கு வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோமே, அவர் பக்கத்தில் நிற்பது என்ன, பூனையா? சாமிப் படத்தை லாரியில் ஏற்றிவிட்டு, வாசலில் காவல் கிடந்த உயிரை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தோமே... அதில் ஒட்டாத தீட்டு, ஒரு முழ மஞ்சள் நூலில் வந்து ஒட்டிக்கொண்டதா? நாடகம் ஆடியது யார்? தனம் அக்காவா, நாமா?

பூசாரி கட்டாத காப்பு செல்லுமா, செல்லாதா என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு சாஸ்திரம் நான் படிக்கவில்லை. ஆனால் ஒன்று தெரியும். உயிரைப் பார்த்து இரங்காதவர்கள் நூலைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். அதை நினைத்தால் எனக்குப் பக்தியும் வருகிறது, வெட்கமும் வருகிறது. நூல் இல்லாவிட்டால் நமக்கு இரக்கமே வராதா?

தங்கை மகளுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்த கையோடு, தனம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

டைகர் இருக்கிறது. கிழடாகிவிட்டது, சோற்றைக் குழைத்துத்தான் வைக்க வேண்டுமாம். நூல் நைந்தால் வேறு நூல் நனைத்துக் கட்டிவிடுகிறார். "மீன் ஏதும் சமைச்சீங்களா இன்னிக்கு?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"நான் எங்கம்மா மீன் தொடறது? அன்னிலேருந்து கவிச்சி தொடல. டைகரோட காப்புத்தான் இன்னும் அவுக்கலையே."

ஒரு சாமர்த்தியமான பேச்சு, அவ்வளவுதான் என்று நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவரோ ஆத்தாவிடம் கொடுத்த வாக்கை வாக்காகவே வைத்திருக்கிறார். ஒரு தெருநாய்க்காக. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

"பேப்பர்ல எழுதட்டுமாக்கா?"

"எழுதும்மா. ஆனா நடந்தத மட்டும் எழுது. போன வாரம் ஒருத்தரு வந்து, அந்த வண்டிக்காரருக்குக் கை வெளங்காமப் போச்சாமேன்னு என்கிட்டயே கேக்கறாரு! அந்த மனுஷன் வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பொண்டாட்டியோட வந்து, ரெண்டு கையாலயும் என்கிட்ட சோறு வாங்கிச் சாப்புட்டுட்டுப் போறாரு."

விசாரித்துப் பார்த்தால், வாட்ஸ்அப்பில் இது எப்படி எப்படியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. நாய் சிங்கமாக மாறியதாம். கண்ணில் நெருப்பு வந்ததாம். வண்டி பாலத்தில் நின்றுவிட்டதாம். பகிர்ந்தால் நல்ல செய்தி வருமாம், பகிராவிட்டால் கெடுதலாம். தனம் அக்கா என்று ஒருவர் இருந்ததே அதில் இல்லை! கோபம் வருமா, வராதா?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள், படம் பிடித்து அனுப்புங்கள், கோயிலில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். எனக்குச் சம்மதம். ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். நாயைச் சிங்கம் ஆக்காதீர்கள். நல்ல மனுஷனின் கையை முடக்காதீர்கள். ஒரு பொம்பளை அரைத்த மஞ்சளை மறைக்காதீர்கள்.

அம்மனை நீங்களாகக் கொண்டுவந்து இதில் சேர்க்க வேண்டாம். அவள் ஏற்கெனவே இருக்கிறாள்.